மெலிந்தவள் உடுத்தியது

கிட்டே வாருங்கள், கண்மணிகளே. இன்னும் கொஞ்சம். கதவோரம் இருப்பவர்கள் அதைச் சாத்திவிட்டு வாருங்கள், சாரல் அடிக்கிறது. பிள்ளையோடு வந்தவர்கள் பிள்ளையை மடியில் எடுத்துக்கொள்ளுங்கள்; இது பிள்ளையைத் தொட்டுக்கொண்டே கேட்க வேண்டிய கதை. உங்களைப் பயமுறுத்தத்தான் போகிறேன், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கதை முடியும்வரை நான் இங்கேயே, உங்கள் பக்கத்திலேயே இருப்பேன். அது என் வாக்கு.

ஒதிலியா முதலில் பார்த்தது ஒரு விரல் அகல இடைவெளியைத்தான்.

மெக்சிகோ நகரத்தில் நம் பேட்டையில், சந்தைக்குப் பின்னால், நடுவில் முற்றமும் சுற்றிலும் ஒற்றை அறை வீடுகளுமாக ஒரு மஞ்சள் வளவு இருந்ததே, அங்கேதான் அவள் இருந்தாள். மழைக்கு முந்திய புழுக்கம் சுவரெல்லாம் வியர்த்துக் கிடந்த ஒரு மத்தியானம், தையல் மெஷினை நிறுத்திவிட்டு, தரையை ஒட்டிய மாடத்தில் நின்ற மெலிந்தவளின் சிலைக்குத் தண்ணீர் மாற்ற எழுந்தாள். பழைய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள், டம்ளரைக் கழுவினாள், புதுத் தண்ணீர் வைத்தாள். நிமிரும்போது கண்ணில் பட்டது. வெள்ளைக் கவுனின் கீழ் மடிப்பு மாடத்துப் பலகையைத் தொடவில்லை. துணிக்கும் பலகைக்கும் நடுவில் நிழல் ஒரு கோடாக நின்றது. அந்த நிழலுக்குள் கால்விரல் எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன.

அந்த மடிப்பைத் தைத்தவளே அவள்தான். உடுத்திவிட்ட அன்று அது பலகையைத் தொட்டு, தொட்ட இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்திருந்தது. சாட்டின் துணி சுருங்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஈரத்துல சுருங்கியிருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். வீட்டில் யாருமே இல்லை. யாருக்குக் கேட்பதற்காகச் சொன்னோம் என்று அப்புறம்தான் நினைத்தாள்.

சுரூபங்களுக்கு, அதாவது சாமி சிலைகளுக்கு, உடுப்புத் தைப்பதுதான் ஒதிலியாவின் பிழைப்பு. பிப்ரவரி வந்தால் குழந்தை இயேசுவுக்குத் தைப்பாள், மற்ற மாதமெல்லாம் எலும்புக்கூடாக நிற்கும் சாவுத் தாய்க்கு. சாந்தா முயெர்த்தே என்று முழுப் பெயர் சொல்லி நம்மில் யார் அவளைக் கூப்பிடுகிறோம்? மெலிஞ்சவ என்போம், வெள்ளைப் பொண்ணு என்போம். அவள் புனிதையே இல்லை என்று பாதிரியார் ஞாயிறுதோறும் சொல்கிறார். நாமும் முழங்காலில் இருந்து கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளை சாகக் கிடந்தால் கோவிலிலிருந்து நேராக அவளிடம்தான் ஓடுகிறோம்.

அவளுக்கு உடுத்துவதில் ஒரு விதி உண்டு. துணி புதுசாக இருக்க வேண்டும். உயிருள்ள உடம்பைத் தொட்ட துணி ஆகவே ஆகாது. வியர்வை தெரிந்துவிட்டால் அவளுக்கு அந்த உடம்பும் தெரிந்துவிடும். 'என் கல்யாண உடுப்பையே வெட்டி அவளுக்குத் தைத்துக் கொடு' என்று வந்த பெண்களையெல்லாம் ஒதிலியா திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள்தான் அதைச் செய்தாள்.

அந்த வருடத் தவக்காலத்தில் அவளுடைய ஒரே மகள் அராசெலிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. புருஷன் வடக்கே வேலைக்குப் போனவன், போனவன்தான். பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளையின் விலாவெல்லாம் மூச்சுக்கு மூச்சு உள்ளே குழிவதைப் பார்த்துவிட்டு, மருத்துவர், "கடவுளக் கேட்டுக்கோங்கம்மா" என்று சொல்லிப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஒதிலியா வளவுக்கு ஓடி வந்து மெலிந்தவளின் எலும்புக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தியானத ஒனக்கு உடுத்தி விடுறேன். இவள மட்டும் விட்டுடு."

பிள்ளை பிழைத்தது.

இருப்பதிலேயே உயர்ந்தது எது? அராசெலி கோவிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய அன்று உடுத்திய வெள்ளைக் கவுன். கழுத்தில் பாசிமணி வைத்து, முதுகு நெடுக முத்துப் பொத்தான் வைத்து, தாயே ராத்திரி பகலாகத் தைத்தது. மாடத்துச் சுரூபமும் அராசெலி உயரம்தான். கடையில் வாங்கும் புதுத் துணி என் பிள்ளையின் வியர்வைக்கு ஈடாகுமா என்று தோன்றியிருக்கிறது அவளுக்கு. நன்றி பெருகினால் கண் மறைத்துவிடும், கண்மணிகளே. அவள் உடுத்திவிட்டாள். கவுன் அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

அது நடந்தது வெயில் காலத்தில். இப்போது மழை. இப்போது இந்த ஒரு விரல் இடைவெளி.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியருகே எதிர்வீட்டுச் சாயோ ஒதிலியாவைப் பிடித்துக்கொண்டாள். சாயோ சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துத் தெருமுனையில் விற்பவள். தொண்டையும் தெருமுனைத் தொண்டைதான். அவள் மகள் பெர்லாவுக்கு ஒதிலியாதான் ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேலே.

"ஏன் கொமாத்ரே, ஒம் பொண்ணுக்கு இந்த வருஷமும் பழைய ஷூதானா? குடுத்து வச்சவடி நீ! இங்க ஒருத்தி மழைக்கு மொளச்ச கத்தாழையாட்டம் வளர்றா. இப்பதான் வாங்குனேன், அதுக்குள்ள வெரல மடக்கி வச்சிக்கிட்டு கெழவி மாதிரி நடக்கறா பாரு."

"பொய் சொல்றாங்க மத்ரீனா!" என்று தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஞானத்தாயைக் கூப்பிட்டுக் கத்தினாள் பெர்லா. "எனக்குக் காலு பெருசு, எங்கம்மாவுக்கு வாயி பெருசு. அவ்ளோதான்."

"இந்த வாய எங்கேருந்துடி வாங்குன?"

"நீதான் தெனமும் கூவி விக்கறியே!"

முற்றமே சிரித்தது. ஒதிலியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து, பக்கத்தில் நின்ற அராசெலியின் ஷூவுக்குள், குதிகாலுக்குப் பின்னால், விரலை விட்டுப் பார்த்தாள். போன வருடம் அந்த இடத்தில் விரல் நுழையாது. இப்போது நுழைந்தது. சுலபமாக நுழைந்து, உள்ளே அசைக்க இடமும் இருந்தது.

அன்றிலிருந்து அவளால் காதை மூட முடியவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கு அடியில், மெஷினின் கடகடப்புக்கு அடியில், மாடத்தின் பக்கமிருந்து காய்ந்த விதைகள் ஒன்றோடொன்று உரசுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது; மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றது, ஆனால் உடனே நிற்கவில்லை, ஒரு தையல் தூரம் தள்ளி நின்றது. சாம்பிராணியும் சுருட்டுப் புகையும் உருகிய மெழுகுமாக எப்போதும் மணக்கிற அந்த மூலையில் இப்போது வேறொரு மணம், தூங்கி எழுந்த பிள்ளையின் தலைமயிர் மணம், இளம்சூடாக, புளிப்பாக இருந்தது. அராசெலியின் தலையை மோந்து பார்த்தாள். மெழுகு மணந்தது.

அராசெலி சாப்பிடுவதும் குறைந்தது. அவரைப்பருப்புக் குழம்பைச் சோள ரொட்டியில் தொட்டு வாயருகே கொண்டு போவாள், அப்படியே வைத்துவிடுவாள். கன்னத்துத் தோலில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. தொட்டால் கை வழுக்கியது.

ஒரு சாயங்காலம், விளக்கு ஏற்றும் நேரம், பிள்ளை மாடத்துக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

"என்னடி கண்ணு அங்க?"

"இவ உசரமாயிட்டாம்மா."

"யாரு?"

"முன்னாடி இவ மூஞ்சியும் என் மூஞ்சியும் நேருக்கு நேரா இருக்கும். இப்ப நான் நிமிந்து பாக்க வேண்டியிருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: "இல்லன்னா நான்தான் குட்டையாயிட்டேனா?"

ஒதிலியா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைத்த கைக்குள் பிள்ளை அடங்கிய விதம் பழசாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அடங்கியதுபோல. பிள்ளையின் தலைக்கு மேலாகப் பார்த்தாள். கவுனின் ஓரம் இப்போது கணுக்கால் எலும்புக்கு ஏறியிருந்தது.

மறுநாள் காலையிலேயே அந்தக் கவுனைக் கழற்றிவிடுவது என்று எழுந்தாள்.

முறைப்படிதான் செய்தாள். கையைச் சாராயத்தில் கழுவினாள். சுருட்டு பற்றவைத்து மெலிந்தவளின் முகத்தில் புகை விட்டாள். புதுசாக ஒரு வெள்ளை உடுப்புத் தைத்து மடித்து வைத்திருந்தாள், அதைக் காட்டினாள். "கோவிச்சுக்காத தாயே. தெரியாமப் பண்ணிட்டேன். இது புதுசு, பட்டு. அதக் குடுத்துடு, இத உடுத்திக்கோ." அராசெலி திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதுகுப் பக்கம் கை விட்டுப் பொத்தானைத் தேடினாள். பொத்தான் ஒன்றுகூட அசையவில்லை. கவுன் அவ்வளவு இறுக்கமாக இருந்தது, பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நகம்கூடப் போகவில்லை. துணிக்கு அடியில் விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன. சுண்ணச்சாந்தில் வார்த்த சுரூபம் காலைக் குளிரில் சில்லென்று இருக்க வேண்டும். இல்லை. அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் ஆறிக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

பொத்தான் வேண்டாம், பொத்தானுக்குப் பக்கத்துத் தையலைப் பிரித்துவிடலாம் என்று பிளேடை எடுத்தாள். பிடரியில் ஆரம்பித்தாள். முதல் தையல் அறுந்தது. இரண்டாவது. நூல் அறுபடும் அந்தச் சின்னச் சத்தம் அவளுக்கு உயிர்ச் சத்தம். எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பாள். விரல் பழக்கத்தில் பிளேடு கீழே ஓடியது.

திரைக்கு அந்தப் பக்கம் அராசெலி வீறிட்டாள்.

ஒதிலியா ஓடினாள். பிள்ளை குப்புறக் கிடந்து போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தது. சட்டையைத் தூக்கினாள். பிடரியிலிருந்து முதுகு நடுவே ஒரு கோடு. தோல் பிரிந்திருந்தது. கிழியவில்லை, வெட்டவில்லை. தையல் விட்டதுபோல, பல் பல்லாக, ஒழுங்காகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பல்லிலும் ஒரு சொட்டு ரத்தம் அப்போதுதான் வந்து நின்றது.

அவள் கத்தவில்லை. கத்தினால் சாயோ வந்துவிடுவாள். திரும்பி மாடத்துக்குப் போனாள். ஊசியில் நூல் கோத்தாள். மூன்று தடவை தவறியது. பிரித்த இடத்தில் துணியைச் சேர்த்துப் பிடித்து, குத்தினாள்.

"அம்மா" என்றது திரைக்கு அந்தப் பக்கம்.

இழுத்தாள். குத்தினாள்.

"அம்மா, வேணாம்."

"ஆச்சுடி கண்ணு. ஆச்சு. ஆச்சு."

ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முனகல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தைத்தாள். நன்றாகத் தைத்தாள், அவளுக்கு மோசமாகத் தைக்கத் தெரியாது. கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தபோது நாக்கில் உப்புக் கரித்தது. போய்ப் பார்த்தாள். பிள்ளையின் முதுகில் கோடு மூடியிருந்தது. மெல்லிய சிவப்புத் தழும்பு.

பட்டு உடுப்பை எடுத்து அடுப்பில் போட்டாள்.

கழற்ற முடியாது. அப்படியானால்? அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்தவளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்துவது நம்மிடம் வழக்கம்தான். நேர்ச்சை பெருகினால் சுரூபம் வெங்காயம்போல ஆகிவிடும். மேலே கிடப்பதைத்தான் அவள் தன்னுடையதாக நினைப்பாள் என்பார்கள். அந்த நினைப்பு ஒதிலியாவின் மனதில் வெறும் நினைப்பாகத்தான் வந்தது. யாரையும் சேர்த்துக்கொண்டு வரவில்லை.

சாயோ அதற்கு ஆளைக் கொண்டுவந்தாள். கையில் பெர்லாவின் புதுநன்மைக் கவுன். ஞானத்தாய் என்ற முறையில் ஒதிலியா தைத்துக் கொடுத்தது.

"கொமாத்ரே, ஜெபமாலை மாதா ஊர்வலத்துக்கு மகாராணி இதத்தான் போடுவாங்களாம். முட்டி தெரியுது! மாதாவே வெக்கப்பட்டுத் திரும்பிக்குவா. கீழ மடிச்சுத் தச்சிருக்கறத எறக்கி விடு, உள்ள துணி விட்டிருப்பல்ல?"

"விட்டிருக்கேன்."

"நீ விடுவேன்னு தெரியும். என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? அராசெலிக்கு இன்னும் சரியாவலையா? கொழுக்கட்ட அனுப்பறேன். அவள வளக்கறதுக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்து தின்னு காட்டறோம்."

சாயோ போய்விட்டாள். கவுன் ஒதிலியாவின் மடியில் கிடந்தது. அக்குளில் பெர்லாவின் வியர்வை. மாவு வாசம், பென்சில் வாசம். நெஞ்சுப் பக்கம் கேக்கு சிந்திய பழைய கறை. ஞானஸ்நானத் தொட்டியில் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள் அவள். 'பெற்றவள் இல்லாதபோது நான் தாயாக இருப்பேன்' என்று சொன்னவள். அதை நினைத்தாள். நினைக்காமல் செய்யவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நினைத்தாள். அப்புறம் திரைக்கு அந்தப் பக்கம் அராசெலி மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டாள்.

எழுந்தாள். பெர்லாவின் கவுனை மெலிந்தவளின் தலைவழியாக, பழைய கவுனுக்கு மேல், மாட்டினாள். கைகளை நுழைத்தாள். பொத்தான் போட்டாள். கீழே உள்மடிப்பைப் பிரித்து இறக்கவும் மறக்கவில்லை. அப்புறம் மண்டையோட்டின் காது இருக்க வேண்டிய இடத்தில் வாயை வைத்துச் சொன்னாள்:

"இவ பெரியவ. நல்லாத் திங்கறவ. ஒனக்கு இவதான் பொருந்துவா."

ஓரம் பலகையைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தது.

அன்று சாயங்காலமே அராசெலி பசிக்கிறது என்றாள். சாயோ அனுப்பிய கொழுக்கட்டையை உரித்து உரித்துத் தின்றாள், விரலை நக்கினாள், இன்னொன்று கேட்டாள். ஒதிலியா அவள் வாயையே பார்த்துக்கொண்டு அழுதாள். மறுநாள் பிள்ளை கட்டிலைவிட்டு இறங்கியது. கன்னத்தில் பளபளப்புப் போய் ரத்தம் வந்தது. ஷூவுக்குள் விரல் நுழையவில்லை.

முற்றத்தில் பெர்லாவின் குரல் கேட்கவில்லை.

கேட்காததை ஒதிலியா கவனித்தாள். கவனித்து, மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். ஊர்வலம் வந்தது, போனது. கவுனைக் கேட்டு யாரும் வரவில்லை. ஒரு மத்தியானம் கதவு தட்டாமலே திறந்தது. சாயோ. தலை வாராமல், காலில் செருப்பு இல்லாமல், தெருமுனைத் தொண்டை இல்லாமல்.

"காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது கொமாத்ரே. ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. வெயிட்டே இல்லடி அவ. தூக்குனா பஞ்சு மாதிரி வர்றா. ஒன் மெலிஞ்சவ அராசெலியக் காப்பாத்துனாளே, நானும் கேக்கறேன், என்னையும் கேக்க விடு..."

ஒதிலியா குறுக்கே வருவதற்குள் அவள் மாடத்துக்கு முன்னால் விழுந்துவிட்டாள். நிமிர்ந்தாள். பார்த்தாள். நெஞ்சுப் பக்கத்துக் கறையைப் பார்த்தாள்.

ஒதிலியா சுவர்வரை பின்வாங்கினாள்.

சாயோ முழங்காலாலேயே நகர்ந்து வந்து ஒதிலியாவின் கையைப் பிடித்தாள். பிடித்து, முத்தமிட்டாள். உள்ளங்கையில், புறங்கையில், ஊசி குத்திக் காய்த்த விரலில்.

"நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவளுக்காக நேந்துக்கிட்டியாடி? என் பொண்ணு உடுப்ப அவளுக்குப் போட்டு, அவளக் காப்பாத்தச் சொல்லிக் கேட்டியா? கொமாத்ரே, நீதான்டி அவளுக்கு ஆத்தா. நான் சும்மா பெத்தவ."

ஒதிலியா அவளைத் தூக்கி நிறுத்தினாள். கதவுவரை கொண்டுபோய் விட்டாள்.

சாயோ போன பிறகு மாடத்தருகே போய் நின்றாள். மேலே உள்ளது இறுக்கமாக இல்லை. பொத்தான் அசையும். கழற்றினால் அந்தப் பிள்ளை எழுந்து உட்காரும், தண்ணீர் கேட்கும். கை முதல் பொத்தானுக்குப் போனது.

திரைக்கு அந்தப் பக்கம் அராசெலி எதற்கோ சிரித்தாள். தவக்காலத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு.

கை திரும்பி வந்தது.

பெர்லா விடியற்காலையில் இறந்தாள். விளையாட்டுப் பிள்ளை செத்தால் அது சம்மனசு, வானதூதர்; அதற்கு அழக்கூடாது, அழுதால் இறக்கை நனையும் என்பது நம் வழக்கம். சாயோ அழவில்லை. வந்து வாசலில் நின்றாள்.

"ஞானத்தாதான் உடுத்தி அனுப்பணும். அந்தக் கவுன எடுத்துட்டு வா. அவ அதத்தான் போட்டுக்கணும்னா. மெலிஞ்சவகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன், கோவிக்க மாட்டா."

கொடுத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது. எடுத்தால் என்ன ஆகும் என்று ஒதிலியாவுக்குத் தெரியும். 'வேற புதுசு தச்சுத் தர்றேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். சாயோவின் கண்ணைப் பார்த்தாள். மாடத்துக்குப் போய்க் கை வைத்தாள். பொத்தான் கழற்றவே வேண்டியிருக்கவில்லை. கவுன் தானாக நழுவி அவள் கையில் விழுந்தது. தயாராகக் காத்திருந்ததுபோல. அடியில் இருந்த கவுனை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே திரும்பி நடந்தாள்.

எதிர்வீட்டில் மேசைமேல் கிடந்த பிள்ளைக்கு உடுத்தினாள். தலையில் பொன் காகிதக் கிரீடம் வைத்தாள். கையில் பூ கொடுத்தாள். கவுன் கணுக்காலைத் தாண்டி, பாதத்தைத் தாண்டி, மேசையில் வழிந்தது. சாயோ ஷூவை எடுத்து மாட்டினாள். ஒவ்வொன்றாக, மெதுவாக, வார் போட்டாள்.

"பாத்தியா கொமாத்ரே," என்றாள். "இப்பச் சரியா இருக்கு. வெரல மடக்கவே வேணாம்."

பிறகு சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

கல்லறையில் மண் விழுந்ததும் ஒதிலியா மழையில் ஓடி வந்தாள். சந்தைக்குள் புகுந்து, கடைக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட, சேற்றில் சறுக்கி, எழுந்து, ஓடி. வழியெல்லாம் ஒரே ஒரு நினைப்பு. எடுத்துவிட்டேன். கொடுத்ததை எடுத்துவிட்டேன். இப்போது என் பிள்ளை.

கதவைத் தள்ளினாள்.

அராசெலி தரையில் உட்கார்ந்து துணித் துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. குண்டுக் கன்னம். முழங்காலில் முற்றத்துச் சேறு. வாயில் ஏதோ பாட்டு.

மாடத்தைப் பார்த்தாள். பழைய கவுன் பலகையைத் தொட்டு, கொஞ்சம் குவிந்தும் கிடந்தது. உள்ளே சுரூபம் சின்னதாக, முக்காட்டுக்குள் தலை குனிந்து நின்றது. எலும்பு எதுவும் வெளியே தெரியவில்லை.

ஒதிலியா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். பெர்லாவை எடுத்துக்கொண்டது போதும் என்றிருக்கிறது. போதும் என்றிருக்கிறது அவளுக்கு. நன்றி தாயே. நன்றி. இதைச் சொன்னபோது அவள் கண்ணில் சாயோவுக்காக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சேறா இருக்கேம்மா" என்றது பிள்ளை. "குளிச்சு விடு."

தண்ணீர் காய்ச்சினாள். தகரத் தொட்டியில் ஊற்றி, கை விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளை உட்கார்ந்தது. சோப்பு நுரைத்தது. கையைத் தேய்த்தாள், கழுத்தைத் தேய்த்தாள், பாட்டை அவளும் சேர்ந்து முணுமுணுத்தாள். உடம்பு நல்ல சதைப்பிடிப்பு. தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தும் தோல் சிவக்கவில்லை.

முதுகைத் திருப்பினாள். நுரையை வழித்தாள்.

தழும்பு இல்லை.

தையல் இருந்தது.

பிடரியிலிருந்து இடுப்புவரை. வெள்ளை நூல். நெருக்கமாக, ஒரே அளவாக. அவளுடைய கை. உலகத்தில் வேறு யார் தைத்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். பிடரியருகே ஈரத்தில் ஒரு முடிச்சு நெகிழ்ந்து, தோலின் இரண்டு ஓரங்களும் லேசாக விலகியிருந்தன. ரத்தம் இல்லை. சதை இல்லை. உள்ளே வெள்ளை. வழவழப்பு. மெழுகு வாசம், சுருட்டு வாசம்.

தொட்டிக்குள் இருந்தது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தது. அராசெலியின் கண், அராசெலியின் குழி விழும் கன்னம்.

"கிழிச்சுடாதம்மா," என்றது. "இது எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப நல்லாப் பொருந்துது."

மாடத்தில் கவுன் அசைந்தது. துணி உரசும் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு மூச்சு, நெஞ்சில் சளி கட்டிய மூச்சு, இழுத்துக்கொண்டு வந்தது.

ஒதிலியா திரும்பவில்லை.

"ஈரம் உள்ள போகுதும்மா. தச்சு விடு."

எழுந்தாள். ஊசி எடுத்தாள். நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்தது. தொட்டியருகே மண்டியிட்டு, விலகிய ஓரங்களைக் கட்டைவிரலால் சேர்த்துப் பிடித்தாள்.

குத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லயே" என்று தொட்டிக்குள் இருந்தது சிரித்தது.

மாடத்தில் முனகியது. "அம்மா."

இழுத்தாள். குத்தினாள்.

"அம்மா, வேணாம்."

நூல் இறுகியது. தையல் அழகாக விழுந்தது. அடுத்ததற்கு ஊசியைத் தூக்கினாள்.

எழுந்திருங்கள், கண்மணிகளே. கை நடுங்குகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு சூடு குறையாமல் இருக்கட்டும். உங்கள் கூரை மழையைத் தாங்கட்டும். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, பிள்ளை எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலையிலிருந்தே உங்களுக்குப் பதில் வரட்டும்.